உறங்கிப்போன விக்கிக்கு நிர்வாகிகள்: எந்த வழி தேறும்?

ஒரு சிறிய மொழியின் விக்கிப்பீடியாவோ விக்சனரியோ ஐந்தாறு ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கிறது. பிறகு நாலு பேர் சேர்ந்து மறுபடி எழுதத் தொடங்குகிறார்கள். முதல் மாதமே ஒரு கேள்வி வந்து நிற்கும்: குப்பைப் பக்கங்களை யார் நீக்குவது, விஷமம் செய்யும் கணக்கை யார் தடுப்பது? பக்கத்தை நீக்குவது, பூட்டுவது, பயனரைத் தடை செய்வது ஆகிய மூன்றும் நிர்வாகி உரிமை உள்ளவரால் மட்டுமே முடியும். அது சம்பளமில்லாத வேலை, பாராட்டும் குறைவு. ஆள் தேட நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. தழைத்து நிற்கும் விக்கிக்குப் பொருந்தும் வழி, இப்போதுதான் கண் விழிக்கும் விக்கிக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பழையவர்களைத் திரும்ப அழைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வார்ப்புருக்கள் (பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் அச்சுகள்) எப்படி வேலை செய்கின்றன, எந்தக் கொள்கை எந்தச் சண்டைக்குப் பிறகு வந்தது என்பதெல்லாம் பழைய நிர்வாகிக்குத் தெரியும். அந்த நினைவுக்கு விலை கிடையாது.

ஆனால் அழைக்கும் முன் அவருக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று பயனர் உரிமைப் பட்டியலில் பாருங்கள். தனக்கென்று விதி வகுத்துக்கொள்ளாத விக்கிகளில், இரண்டு ஆண்டுகள் ஒரு தொகுப்பும் (பக்கத்தில் செய்யும் மாற்றம்) ஒரு நிர்வாகச் செயலும் இல்லாத நிர்வாகியின் உரிமையை, பேச்சுப் பக்கத்தில் அறிவித்துக் காத்திருந்தபின் ஸ்டூவர்டுகள் (எல்லா விக்கிகளிலும் உரிமை கொடுக்கவும் எடுக்கவும் முடிந்தவர்கள்) எடுத்துவிடுகிறார்கள். ஆகவே அவர் திரும்பி வந்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம்.

'மறுபடி வாருங்கள் ஐயா' என்று பொதுவாக எழுதினால் நன்றி சொல்லிப் பதில் வரும், ஆள் வரமாட்டார். வரையறுத்த ஒரே வேலையைக் கேளுங்கள்: 'அடுத்த இரண்டு வாரம், செவ்வாயும் வெள்ளியும் அரை மணி நேரம் அண்மைய மாற்றங்களைப் பார்க்க முடியுமா?' முடியும் என்றோ முடியாது என்றோ பதில் வரும். இரண்டுமே பயன்தான். இந்த வழியின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பி வருபவர் பழைய விக்கியை நடத்த வருகிறார். புதியவர் குறுங்கட்டுரை ஒன்றை எழுதியதும் பழைய விதியைக் காட்டி நீக்கினால், இருந்த நாலு பேரும் மூன்றாகிவிடுவார்கள். பழையவரை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். முழுப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டக் கூடாது.

வாக்கெடுப்பு

ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகிக்கான வேண்டுகோள் ஏழு நாள் திறந்திருக்கும். 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு இருந்தால் பெரும்பாலும் தேறும். 65 முதல் 75 வரை என்றால் நிர்வாகி உரிமையை வழங்கும் அதிகாரிகள் கூடி முடிவெடுப்பார்கள். 2024 அக்டோபரில் அங்கே ரகசிய வாக்குத் தேர்தலையும் நடத்திப் பார்த்தார்கள். தேற 70 விழுக்காடு வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வாக்களிக்கும் இடத்தில் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

எட்டுப் பேர் வாக்களிக்கும் விக்கியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் எதிர்த்தால் ஆதரவு 75 விழுக்காடு. மூன்றாமவர் ஒருவர் கூடினால் 62.5. ஒரே மனிதரின் மனக்கசப்பு முடிவைப் புரட்டிப்போட்டுவிடும். மறுபக்கம், ஒரே ஆள் வேறு பெயர்களில் நடத்தும் மூன்று கைப்பாவைக் கணக்குகளும் இரண்டு நண்பர்களும் போதும், வேண்டியவரை உட்காரவைக்கலாம். தோற்றவர் நிலை இன்னும் மோசம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், பேர் போட்டு எதிர்த்தவர்களோடு அவர் அடுத்த நாள் எப்படிக் கட்டுரை எழுதுவார்? இருக்கிற எட்டுப் பேரில் ஒருவரை இழப்பது எட்டில் ஒரு பங்கு விக்கியை இழப்பதாகும்.

சிறு குழுவிடம் அசையாத அதிகாரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு குரோவாசிய விக்கிப்பீடியா சாட்சி. ஒரு சார்புள்ள சில நிர்வாகிகள் பல ஆண்டுகள் அதைத் தம் கையில் வைத்திருந்தார்கள். மாற்றுக் கருத்துக்காரர்கள் தடை செய்யப்பட்டார்கள், வரலாறு திரிக்கப்பட்டது. விக்கிமீடியா அறக்கட்டளை இதைப் பற்றிய ஆய்வறிக்கையை 2021இல் வெளியிட்டது.

வெளிக்காவல்

உள்ளூரில் ஆளே இல்லையென்றால் ஸ்டூவர்டுகளும், சிறு விக்கிகளில் செயல்பட அனுமதி பெற்ற உலகளாவிய நிர்வாகிகளும் இருக்கிறார்கள். விளம்பர இணைப்புகளையும், பக்கத்தை வெறுமையாக்கும் விஷமத்தையும் சுறுசுறுப்பாகத் துடைத்துவிடுவார்கள். அவர்களுக்கு மொழி தெரியாது, அதுதான் எல்லை. பிழையான பிறந்த ஆண்டு, நல்ல மொழியில் எழுதிய பொய், இயந்திரம் பெயர்த்த அரைகுறைப் பத்தி எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. கதவுக்குப் பூட்டாக இவர்களை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நடப்பதை மொழி தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும்.

தானியக்கமும் குலுக்கலும்

இணைய மன்றங்களை நடத்தும் டிஸ்கோர்ஸ் மென்பொருள் பயனர்களின் நம்பிக்கை நிலைகளைத் தானே ஏற்றுகிறது. அதன் இயல்பு அமைப்பில் மூன்றாம் நிலைக்குப் போக, கடைசி 100 நாளில் பாதி நாளாவது வந்திருக்க வேண்டும். வாங்கிய விருப்பம் 20, கொடுத்த விருப்பம் 30 என்றும் கணக்கு உண்டு. நான்காம் நிலையை மட்டும் மனிதர்தான் கொடுக்க முடியும். தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் வேறு வழியில் போனது. தகுதியுள்ள வாசகர்களில் சிலருக்குப் பிறர் கருத்துகளை மதிப்பிட ஐந்து புள்ளிகள் வந்து விழும், மூன்று நாளில் காலாவதியாகும். ஒரு விவாதத்தில் மதிப்பிட்டவர் அதே விவாதத்தில் கருத்து எழுதினால் அவர் போட்ட மதிப்பெண்கள் ரத்தாகும்.

அழகான ஏற்பாடுகள், ஆனால் கூட்டம் வேண்டும். ஆறு பேரில் குலுக்கினால் அதே ஆறு பேர்தான் வருவார்கள். நமக்குக் குலுக்கல் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதும் முன்பே வயது 35 முதல் 70 வரை என்றும், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்றும் வடிகட்டியது. பதவிக்காலம் 360 நாள்தான். சிறு விக்கி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குடத்தை அல்ல, முன்வடிகட்டலையும் காலக்கெடுவையும்.

வேலை செய்பவரைக் கண்டெடுத்துத் தற்காலிக உரிமை கொடுப்பது

எங்கள் தேர்வு இதுதான். முதலில் அண்மைய மாற்றங்களை 30 நாளுக்கு விரித்துப் பாருங்கள். கட்டுரை எண்ணிக்கையைத் தேடாதீர்கள். விஷமத்தை நீக்கிப் பக்கத்தை மீளமைத்தவர் யார், தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதுபவர் யார், புதுப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் பொறுமையாகப் பதில் சொன்னவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மிக அரிது, மிக முக்கியமும் அதுவே. தன் தொகுப்பை வேறொருவர் ரத்து செய்தபோது வேட்பாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் தேடிப் படியுங்கள்.

இதைச் செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை, ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியா 2020இல் காட்டியது. அந்த மொழி சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி, நிர்வாகியாகவும் இருந்தது அந்த ஆகஸ்டில் வெளியே வந்தது. அவரிடம் தீய நோக்கம் இருந்ததாக யாரும் காட்டவில்லை. ஆளில்லாத வீட்டில் உழைத்துக்கொண்டிருந்தவர் அவர், சரிபார்க்க இரண்டாமவர் இல்லை. அதனால் மொழித் தேர்ச்சியைத் தனியாகச் சோதியுங்கள்: வேட்பாளர் சொந்தமாக எழுதிய ஐந்து பத்திகளை, அந்த மொழியில் வளர்ந்த இருவர் படிக்கட்டும்.

ஆள் கிடைத்ததும் சுற்றுக்காவல் (புதுத் தொகுப்புகளைச் சரிபார்த்ததாகக் குறிப்பது), முன்னிலையாக்கல் (ஒருவரின் கடைசித் தொகுப்புகளை ஒரே சொடுக்கில் ரத்து செய்வது) போன்ற சிறிய உரிமைகளில் தொடங்குங்கள். ஆறு வாரம் சரியாகப் போனால் பொதுப் பக்கத்தில் வேண்டுகோள் வையுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அது ஆலமரத்தடி. எந்த விக்கியிலும் அத்தகைய பொது இடம் ஒன்று இருக்கும். ஏழு நாளாவது திறந்து வைத்து, பிறகு எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மெட்டா விக்கியில் ஸ்டூவர்டுகளிடம் இணைப்போடு கேளுங்கள். வாக்குகள் குறைவான சிறு விக்கிகளுக்கு அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிக உரிமைதான், முதல்முறை மூன்று மாதம் போல இருக்கும். நீட்டிக்க மறுபடி உரையாடல் வேண்டும்.

இந்தக் காலக்கெடுவைச் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நிர்வாகிக்கும் சமூகத்துக்கும் பாதுகாப்பு. நிரந்தர உரிமையைப் பறிக்க ஒருவர் மீது பகிரங்கமாகக் குற்றம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்மேல் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது, அதனால் தூங்கும் நிர்வாகி அப்படியே இருப்பார். கெடு முடிந்து உரிமை தானாக விலகினால் யாருக்கும் முகம் சுருங்காது. சோர்ந்துபோனவரும் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்ளலாம், அடுத்த ஆண்டு திரும்பியும் வரலாம்.

ஒருவரோடு நிறுத்தாதீர்கள். பதிவுசெய்த பயனரின் ஐபி முகவரியைப் பார்க்கும் உரிமையை விக்கிமீடியா எந்த விக்கியிலும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதில்லை, குறைந்தது இருவர் இருக்க வேண்டும், ஒருவர் செய்வதை மற்றவர் பார்ப்பதற்காக. நிர்வாகிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதே நியாயம்தான். இருவரில் ஒருவர் சென்னையிலும் மற்றவர் டொரன்டோவிலும் இருந்தால், ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். தமிழ்த் திட்டங்களுக்குப் புலம்பெயர்ந்தோரால் கிடைத்த வசதி இது, பல மொழிகளுக்கு இது வாய்ப்பதில்லை. ஒருவர் போட்ட தடைக்கு எதிரான முறையீட்டை மற்றவர் விசாரிக்க வேண்டும் என்ற விதியை, முதல் தடையைப் போடும் முன்பே எழுதி வையுங்கள்.