சுருட்டை முடிக்கு டிஃப்யூசர்: வண்ணாரப்பேட்டையில் வாங்கி ஓர் ஆண்டு பழகிய பின்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், வடசென்னை வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் மின்சாதனக் கடையில் 1,450 ரூபாய் கொடுத்து 1,200 வாட் ஹேர் டிரையர் ஒன்றை வாங்கினேன். அதனுடன், டிரையரின் வாயில் மாட்டும் டிஃப்யூசர் என்ற அகன்ற பிளாஸ்டிக் கிண்ணமும் வந்தது; உண்மையில் அந்தக் கிண்ணத்துக்காகத்தான் டிரையரையே வாங்கினேன். பெட்டியைப் பிரித்துக் காட்டிய கடைப்பையன் முதல் வேலையாக அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "அக்கா, இந்த மூடி உங்களுக்கு வேணுமா? நெறைய பேர் இங்கயே வுட்டுட்டுப் போயிடுவாங்க" என்றான். நேரான முடி உள்ளவர்களுக்கு அது வீண் பிளாஸ்டிக்தான். சுருட்டை முடிக்கு அது வேண்டுமா என்பதற்கு ஓர் ஆண்டு பயன்படுத்திய பிறகு என்னால் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தப் பதிலை டிரையரிலிருந்து தொடங்க முடியாது. கொடியில் தொங்கும் துண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்தால் துண்டைச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொள்வதும், சற்று நேரம் கழித்து அதை அவிழ்த்து, முன்பக்கமாகக் குனிந்து, அதே துண்டை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து முடியைச் சடசடவென்று அடிப்பதும் வழக்கம். என் அம்மாவின் முடி நேரானது. அந்த அடியில் நீர்த்துளிகள் சுவரெல்லாம் தெறிக்க, முடி இழை இழையாகப் பிரிந்து காய்ந்துவிடும். அதே அடி என் தலையில் விழுந்தால், குளியலறையில் கண்ணாடி முன் அழகாகச் சுருண்டிருந்த முடி அத்தனையும் கலைந்து, மாலைக்குள் தேங்காய் நார்போலச் சிலிர்த்து நிற்கும். பள்ளிக்காலம் முழுவதும் என் முடிதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

இதன் காரணம் எளிமையானது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டதும் விடுபட்டு, முடி காயும்போது மீண்டும் சேர்கின்றன. ஆகவே காயும் நேரத்தில் முடி எந்த வடிவத்தில் கிடக்கிறதோ, அதுவே அடுத்த முறை நனையும்வரை ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது. ஈரத்தில் முடி வழக்கத்தைவிட அதிகமாக நீளும், எளிதில் அறுந்தும் போகும். சுருளாகக் கிடக்க வேண்டிய முடியை அந்த நேரத்தில் அடிப்பதும், தேய்ப்பதும், சீப்பால் இழுப்பதும் கலைந்த வடிவத்தையே அதற்குப் பதியவைப்பதாகும். எனவே சுருட்டை முடியை உலர்த்தும் எந்த முறையையும் நான் ஒரே ஓர் அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன்: காய்ந்து முடியும்வரை அது முடியை எவ்வளவு குறைவாகக் கலைக்கிறது?

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது 120 ரூபாய் ஈரிழைத் துண்டு. பூப்பூவாக நூல் வளையங்கள் எழும்பி நிற்கும் கனமான டர்க்கி டவலில் சுருள்கள் மாட்டி இழுபடும். இரட்டை இழையில் நெய்த இந்த மெல்லிய பருத்தித் துண்டில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை, நீரையும் நன்றாக இழுத்துக்கொள்கிறது. கட்டிலில் துண்டை விரித்து, குனிந்து, முடியை அதன் நடுவில் கயிற்றைச் சுருட்டி வைப்பதுபோல மெதுவாக இறக்க வேண்டும். பிறகு துண்டின் ஒரு விளிம்பைப் பிடரிப் பக்கம் இழுத்து, இரு முனைகளையும் முறுக்கிக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருந்தால், சொட்டும் ஈரம் அடங்கிவிடும். எங்கள் பக்கத்துக் காலடிப்பேட்டையே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட ஊர். வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்து உலர்த்தியவர்களின் ஊர். இவ்வளவு துணிச் சரித்திரம் உள்ள இடத்தில் இருந்துகொண்டு, துண்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு முப்பது வயது ஆனது.

துண்டுக்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் டிஃப்யூசருக்கு வேலை வருகிறது. கோடையில் மொட்டை மாடியில் பத்து மணி வெயிலில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடி காய்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று ஏறியபின் மாடிக்குப் போவதை நான் விட்டுவிட்டேன். காற்றில் உள்ள ஈரம் காய்ந்த முடியையும் சிலிர்க்க வைக்கிறது. அத்துடன் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் கொடித் துணியில் படிவதுபோலவே தலையிலும் படிகிறது. அம்மா பரிந்துரைக்கும் சாம்பிராணியை மணத்துக்காக மட்டும் ஏற்கலாம். தூபக்காலின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் முடியைப் பரப்புவது சுகமான வேலை, ஆனால் அது உலர்த்தும் முறை ஆகாது.

மின்விசிறிக்கு அடியில் தானாகக் காயவிடுவதே முடிக்கு நல்லது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். 2011இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. டிரையரின் வெப்பம் கூடக் கூட முடியின் மேற்பரப்பு கூடுதலாகச் சேதமடைந்தது உண்மை. ஆனால் முடியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் உட்சவ்வில் சேதம் தென்பட்டது, டிரையரே படாமல் தானாகக் காய்ந்த முடியில்தான். நெடுநேரம் ஈரமாகவே கிடப்பதும் முடிக்கு நல்லதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தும்படி அவர்கள் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் என் முடி காய நான்கு மணி நேரம் ஆகும். ஈரத்தலையோடு ரயில் ஏறினால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்ற அம்மாவின் கண்டிப்பு தனி.

இனி டிஃப்யூசர். டிரையரின் குறுகிய வாயிலிருந்து சீறி வரும் காற்றை இந்தக் கிண்ணம் பரப்பி, வேகத்தைக் குறைத்துப் பல துளைகளின் வழியாக வெளியேற்றுகிறது. உள்ளே விரல்கள்போல எழும்பிய முனைகள் உண்டு. தலையை ஒருபக்கம் சாய்த்து, முடியின் நுனியிலிருந்து ஒரு பிடியைக் கிண்ணத்துக்குள் குவித்து, உச்சந்தலை நோக்கி ஏந்திக்கொண்டு, குறைந்த சூடு, குறைந்த வேகத்தில் (காற்று பரவி வருவதால் இங்கே அசைக்கத் தேவையில்லை) அரை நிமிடம் அசையாமல் பிடித்து, அணைத்து, இறக்கி, அடுத்த பிடிக்குப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கினால் அந்தப் பிடி மட்டும் பறந்து கலைந்துவிடும். காய்வதற்கு முன் ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்த ஜெல்லைத் தடவியிருந்தால், காய்ந்த சுருள்கள் முதலில் மொறுமொறுவென்று விறைப்பாக இருக்கும்; பயப்பட வேண்டாம், நான்கு சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு கசக்கினால் விறைப்பு உடைந்து சுருள் நெகிழும். இடுப்புக்குச் சற்று மேல்வரை நீளும் என் முடிக்கு மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. இதற்குச் செலவாகும் மின்சாரம் அதிகம் போனால் அரை யூனிட்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சூடேறியதும் கிண்ணத்தின் பிடிவளையம் நெகிழ்ந்துவிடுகிறது. மூன்றாம் மாதம் அது கழன்று தரையில் விழுந்து விரல்முனைகளில் இரண்டு உடைந்தன. கடையில் கேட்டதற்கு உதிரியாகக் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். வேறிடத்தில் 350 ரூபாய்க்கு, எந்த டிரையருக்கும் பொருந்தும் மடங்கும் சிலிகான் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். பார்க்க நன்றாக இல்லாவிட்டாலும் அதுதான் இன்றுவரை விழாமல் நிற்கிறது. குளிர்காற்றுப் பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டியிருப்பதால் கட்டைவிரல் வலிக்கிறது. அதிகச் சூட்டு நிலையை ஒரு முறைக்குமேல் நான் தொட்டதில்லை.

இந்தக் கணக்கில், பங்குனியிலிருந்து ஆடிவரை என் டிரையர் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. துண்டும் காலை வெயிலும் போதும். மழை தொடங்கியதும் வாரம் இரண்டு முறை இறங்குகிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் துண்டை வாங்குங்கள். டிரையரும் வாங்குவதென்றால் 2,000 வாட் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும், படுக்கையறைச் சுவரில் இருப்பதோ பெரும்பாலும் 6 ஆம்பியர் பிளக். கிண்ணத்தை மாட்டி, கடையிலேயே இரண்டு நிமிடம் சூட்டில் ஓடவிட்டு, தலைகீழாகப் பிடித்துக் கழன்று விழுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.