ஏ, எஸ், எம், பி: டயலை எதில் வைப்பது?

புதுக் கேமரா கைக்கு வந்ததும் சிலர் டயலை ஆட்டோவில் வைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், "நல்லா படம் எடுக்கிறவங்க எம் மோடுலதான் எடுப்பாங்க" என்று யாரோ சொன்னதை நம்பி நேரே மேனுவலுக்குத் தாவுகிறார்கள். பாதிப் படம் இருட்டு, மீதி வெளுப்பு. இரண்டுக்கும் அவசரமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது நடுவில் இருக்கும் மோடுகளில்தான் இருக்கிறது. நிக்கான், சோனியில் ஏ, எஸ் என்று இருப்பவை கேனானில் ஏவி, டிவி, எழுத்துதான் வேறு.

முதலில் ஆட்டோவும் பி மோடும். இரண்டிலும் அப்பர்ச்சர் (லென்ஸை எவ்வளவு திறப்பது), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது) இரண்டையும் கேமராவே முடிவுசெய்யும். ஆனால் ஆட்டோவில் ஃபிளாஷ் உள்ள கேமரா தன் இஷ்டத்துக்கு அதை அடிக்கும். பி மோடில் நீங்கள் சொன்னால்தான் அடிக்கும். அப்புறம், பி-யில் சக்கரத்தைத் திருப்பினால் ஷட்டர் 1/125 விநாடி, அப்பர்ச்சர் எஃப் 8 (எண் குறைந்தால் திறப்பு பெரிது) என்ற ஜோடி 1/500, எஃப் 4 ஆகும். வெளிச்சம் அதேதான், பின்னணி மட்டும் கொஞ்சம் மங்கும். பி மோடைக் கேலி செய்பவர்கள் இதைத் திருப்பிப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

உண்மையான போட்டி ஏ-க்கும் எஸ்-க்கும்தான். ஏ-யில் அப்பர்ச்சரை நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எஸ்-இல் தலைகீழ். பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் சமமில்லை. ஷட்டருக்குப் பல கேமராக்களில் 30 விநாடியிலிருந்து 1/4000 வரை, கிட்டத்தட்ட 17 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இடம் இருக்கிறது. கேமராவோடு வரும் சாதாரண லென்ஸில் எஃப் 3.5 முதல் எஃப் 22 வரை ஐந்து ஸ்டாப்தான். அதனால் மங்கலான அறையில் எஸ்-இல் 1/1000 வைத்தால், லென்ஸ் முழுக்கத் திறந்தும் வெளிச்சம் போதாது. பல கேமராக்களில் எஃப் எண் மினுக்கி எச்சரிக்கும். நாம் கவனிக்காமல் அழுத்துவோம். படம் இருட்டாக வரும். ஏ-யில் இப்படி மாட்டுவது அபூர்வம். அங்கே ஆபத்து வேறு: பொழுது சாயும் நேரத்தில் எஃப் 8-இல் ஷட்டர் 1/15-க்கு இறங்கி, கை ஆட்டத்தில் படம் கலங்கும். எண்ணைக் குறைத்து அப்பர்ச்சரைத் திறந்தால் வேகம் ஏறும். போதாவிட்டால், ஒளியுணர்வைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 என்று வைக்க வசதி இருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆகவே தினசரிக்கு ஏ. ஓடும் குழந்தை, பறக்கும் பறவை என்று அசைவுதான் படமே என்றால் எஸ். குழந்தைக்கு 1/500, பறவைக்கு 1/2000-இல் தொடங்கலாம். அருவி நீர் பட்டுப்போல் வழிய வேண்டுமா? ட்ரைபாடில் வைத்து அரை விநாடி.

பி, ஏ, எஸ் மூன்றிலும் கூடவே பழக வேண்டியது, கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான். ஃபிரேம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், +1 வையுங்கள். கருப்பு உடை நிறைந்திருந்தால் -1.

சரி, அப்பர்ச்சர், ஷட்டர் இரண்டையும் நாமே வைக்கும் எம் எப்போது? வெளிச்சம் மாறாதபோது, அல்லது வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறும்போது. இருண்ட மேடையில் ஒருவர் மேல் மட்டும் விளக்கு விழுந்தால், மற்ற மோடுகள் இருட்டைப் பார்த்துவிட்டு முகத்தை வெளுத்துவிடும். எம்-இல் முகத்துக்கு ஒருமுறை சரிசெய்தால் விளக்கு மாறும்வரை தொடவே வேண்டாம். முழு நிலவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 என்று தொடங்கலாம். பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதற்கும் எம்தான். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடந்துகொண்டே எடுக்கும்போதோ, எண்களைத் திருத்தி முடிப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார்.