சுங்கை சிப்புட்ல நடந்த ஆறு நாள் உடல் நாடக வகுப்பு, டீச்சருங்க எப்படி?

போன ஸ்கூல் லீவுல நம்ம ஊர் பழைய டேவான்ல, அதான் பொது மண்டபத்துல, ஆறு நாள் ஒரு நாடக வகுப்பு நடந்துச்சு. வசனத்த நம்பாம உடம்ப வச்சே கதை சொல்றது, ஃபிசிக்கல் தியேட்டர்னு சொல்வாங்க. ஒரு ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). நானும் தங்கச்சியும் சேந்தோம். எப்படி இருந்துச்சுன்னு வாட்சாப்ல ஆளாளுக்கு கேக்குறீங்க, அதனால இங்கேயே விவரமா எழுதிடுறேன். நடத்துனவங்க பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, டேவான் ஆபீஸ்ல கேட்டா நம்பர் குடுப்பாங்க.

குடுத்த காசுக்கு மேலயே கெடைச்சுச்சு. நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கோலாலம்பூர்ல ஒரு நடிப்பு கிளாஸுக்கு 600 வெள்ளி கட்டி போனவன். அங்க அழு, கோவப்படு, சிரின்னு சொல்லி ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு சூப்பர்னு சொல்லி அனுப்பிட்டாங்க, என்ன சூப்பர்னு கேட்டா சொல்ல ஆள் இல்ல. அந்த வலியோடதான் இங்க போனேன்.

பெரிய டீச்சர் நம்ம ஆளுதான், பேராக்காரங்க. பாரிஸ்ல ழாக் லெகோக் ஆரம்பிச்ச நாடக ஸ்கூல்ல ரெண்டு வருஷமும் முடிச்சவங்க. அந்த லெகோக் மொதல்ல விளையாட்டு வாத்தியாரு, ஓட்டம், நீச்சல்னு உடம்பு எப்படி வேல செய்யுதுன்னு பாத்து பாத்து அதுலேருந்து நாடகத்துக்கு வந்தவரு. இத்தாலில பாதுவால இருந்தப்ப அம்லேத்தோ சார்த்தோரிங்கற சிற்பியோட சேந்து தோல் முகமூடி வேலையில எறங்கினாரு, 1956ல பாரிஸ்ல ஸ்கூல் தொறந்தாரு, 1999ல எறந்துட்டாரு. அங்க மொத வருஷம் படிச்ச எல்லாரையும் ரெண்டாவது வருஷத்துக்கு எடுக்க மாட்டாங்களாம். அதையும் தாண்டி வந்தவங்க நம்ம ஊர் டேவான்ல சிமெண்டு தரையில சம்மணம் போட்டு உக்காந்து, ஸ்பானர் புடிக்கிற பையனையும் கிளினிக்ல வேல செய்ற பொண்ணையும் ஒரே மாதிரி கவனிச்சு பாத்தாங்க.

மொத நாள் முகமூடி. சிரிப்பும் இல்ல, சோகமும் இல்ல, எதையும் காட்டாத ஒரு மூஞ்சி, அத மாட்டிக்கிட்டு தூக்கத்துலேருந்து எந்திரிச்சு நடக்கணும், அவ்ளோதான். மூஞ்சிய மூடினதும் என் ரெண்டு தோளும் காதுகிட்ட தூக்கிக்கிட்டு நிக்கிறது அத்தன பேருக்கும் தெரிஞ்சு போச்சு, எனக்கே அன்னிக்கு வரைக்கும் தெரியாது. டீச்சர் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு ஒரு தடவகூட சொல்லல. அவங்க கண்ணுல என்ன பட்டுச்சோ அத மட்டும் சொல்வாங்க. "நீங்க ஒரு சத்தம் கேட்டு திரும்பின மாதிரி இருந்துச்சு, ஆனா சத்தம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல தம்பி." இதுதான் அவங்க விமர்சனம், வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

மூணாம் நாள்தான் முக்கியமான நாள். அம்மா எங்களுக்கு சோறு கொண்டு வந்தாங்க, நல்ல மழை பிடிச்சுக்கிச்சு, திரும்பிப் போக முடியாம பின்னால நாற்காலில உக்காந்துட்டாங்க. அன்னிக்கு கையில ஒரு பொருளும் இல்லாம ஒரு வேலைய செஞ்சு காட்டணும். ஒருத்தர் கதவத் தொறந்தாரு, தங்கச்சி தோசை சுட்டா, "கல்லு எவ்ளோ சூடுன்னு எனக்குத் தெரியலம்மா"ன்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் பின்னால திரும்பி, "அம்மா, நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுதான் டீச்சரம்மா, 31 வருஷம்."

"ஒரு மரம் வெட்டிக் காட்டுறீங்களா?"

அம்மா கூச்சப்பட்டாங்க, அப்புறம் துண்ட எடுத்து தலையில கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. எங்க தோட்டம் செம்பனைக்கு மாறி பல வருஷமாச்சு, அம்மா உளிய தொட்டும் அத்தன வருஷம். ஆனா அந்த டேவான் நடுவுல மரம் நின்னுச்சுங்க. இடது கை பழைய வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால உரிச்சு இடுப்புப் பையில போட்டுச்சு, மங்க, அதான் பால் புடிக்கிற கிண்ணம், அத எடுத்து விரலால ஒரு வழி வழிச்சாங்க, முட்டிய லேசா மடக்கி உளிய இடதுபக்கம் மேல வச்சு வலதுபக்கம் கீழ சரிவா இழுக்க இழுக்க ரெண்டு காலும் மரத்த சுத்தி அடிமேல அடி வச்சு நகருது, மங்க வச்சாங்க, பால் ஓடுதான்னு ஒரு பார்வ, அடுத்த மரம். நாங்க கைதட்டிட்டோம், டீச்சர் தட்டல.

"அம்மா ஒரு எடத்துல மூச்ச நிறுத்துறாங்க, எங்கன்னு பாத்தீங்களா?"

யாரும் பாக்கல. திரும்ப செய்யச் சொன்னாங்க. உளி பட்டையில பட்டதுலேருந்து வெட்டு முடியிற வரைக்கும் அம்மா மூச்சே விடல. ஏன்னு டீச்சர் கேட்டதும், "ஆழமா போயிட்டா மரத்துக்கு காயம் பட்டுடும்ல, மறுபடி அந்தப் பட்ட நல்லா வராது, மேற்பார்வை பாக்குற மண்டோர் ஏசுவாரு"ன்னாங்க. ஏன் இடதுலேருந்துன்னு கேட்டதுக்கு, "அப்படி வெட்டுனாத்தான் பால் கூட வரும்." அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நாங்க எல்லாரும் அம்மாகிட்ட பால் வெட்ட கத்துக்கிட்டோம், டீச்சரும் எங்க வரிசையில நின்னாங்க, அவங்க முட்டி மடக்குறது சரியில்லன்னு அம்மா ரெண்டு தடவ திருத்துனாங்க, சொன்ன மாதிரியே மாத்திக்கிட்டாங்க. லெகோக் முறையில உடம்போட எறுக்கத்த ஏழு படியா பிரிச்சு சொல்லிக்குடுப்பாங்க, துவண்டு கெடக்குறதுலேருந்து கல்லு மாதிரி எறுகிப்போறது வரைக்கும். அத அன்னிக்கு அந்த பால்வெட்ட வச்சே சொல்லிக்குடுத்தாங்க, ஒரே வெட்டு, ஏழு விதமான உடம்பு. குறிப்பு எடுக்காமலே எனக்கு ஏழும் ஞாபகம் இருக்கு.

சின்ன வாத்தியாரு மெக்சிகோக்காரரு, கோமாளி பகுதி அவரு. கலிபோர்னியால புளூ லேக்ங்கற ஊர்ல டெல்லார்ட்டே நாடக ஸ்கூல்ல படிச்சவரு. அந்த ஊர் மரம் அறுக்குற தொழில நம்பி இருந்த ஊராம், சனத்தொகையே சுமார் 1,200தான். ஸ்கூல ஆரம்பிச்ச கார்லோ மட்சோனே கிளெமெந்தியும் பாதுவாலேருந்து போனவருதான். நாடகப் பள்ளின்னா பெரிய பட்டணத்துலதான் இருக்கும்னு நெனச்சிருந்த எனக்கு இது பெரிய சேதி. செவப்பு மூக்கு மாட்டுறதப் பத்தி அழகா சொல்லிக்குடுத்தாரு, அதுதான் உலகத்துலயே சின்ன முகமூடின்னு லெகோக் சொல்வாராம். ஆனா இங்கிலீஷ் ரொம்ப வேகம். வயசானவங்களுக்கு பாதி புரியல, பெரிய டீச்சர் பக்கத்துல இருந்தா மொழிபெயர்ப்பாங்க, இல்லாதப்ப நாங்க முழிச்சோம். இத அடுத்த தடவ கண்டிப்பா சரி பண்ணணும்.

ஆபீஸ் பாத்துக்கிட்ட அக்காவ தனியா சொல்லியே ஆகணும். ராத்திரி பத்தரைக்கு வகுப்பு முடிஞ்சா தோட்டத்துப் பொண்ணுங்களுக்கு பஸ் இல்ல, மொத நாளே அத கேட்டு வச்சுக்கிட்டு மறுநாள் ஒரு வேன் ஏற்பாடு பண்ணிட்டாங்க, ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய் மெசேஜ் போடுற வரைக்கும் டேவான பூட்டல. ரெண்டு பேருக்கு காசு தவணையா வாங்கிக்கிட்டாங்க, யாருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் அம்மாவயும் சேத்துக்கிட்டாங்க, காசு வாங்கல. ஃபாரம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் இருந்துச்சு, அக்கா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சு எழுதுனாங்க. தொழில்னு வந்த எடத்துல "குடும்ப மாதுன்னு போடவாம்மா?"ன்னு கேட்டதுக்கு அம்மா, "பால்வெட்டுன்னு போடு கண்ணு"ன்னாங்க. அப்படியே போட்டாங்க.

கொற என்னன்னா சிமெண்டு தரைக்கு பாய் கெடையாது, அஞ்சாம் நாள் என் முட்டி வீங்கிடுச்சு. ஃபேன் சத்தத்துல டீச்சர் மெதுவா பேசுனா பின்னால கேக்காது. சர்ட்டிபிகேட் எதுவும் குடுக்க மாட்டாங்க, வேலைக்கு காட்டணும்னு வர்றவங்க யோசிச்சுக்குங்க.

வருஷக் கடைசி லீவுல மறுபடி வர்றாங்க, 20 பேர்தான் எடுப்பாங்க. முட்டிக்கு கவசம் பசார் மாலாம்லயே (ராத்திரி சந்தை) கெடைக்கும், வாங்கிக்கிட்டு போங்க. வீட்ல பெரியவங்க இருந்தா ஒரு நாளாவது கூட்டிக்கிட்டு போங்க, பின்னால நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க.