கிண்டில் பேப்பர்வொயிட்: கருவியைத் தயங்காமல் வாங்கலாம், புத்தகத்தை யோசித்து வாங்குங்கள்

அமேசான் நிறுவனம் 2025 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னூல் படிக்கும் கருவியான பன்னிரண்டாம் தலைமுறைக் கிண்டில் பேப்பர்வொயிட்டின் அறிமுக விலை 16,999 ரூபாய். அந்தப் பணத்துக்கு நடுத்தரமான ஒரு ஸ்மார்ட்போனே கிடைக்கும்; அதில் புத்தகமும் படிக்கலாம், படமும் பார்க்கலாம், நான்கு பேரிடம் பேசவும் செய்யலாம். படிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாத ஒரு கருவிக்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், தமிழில் தொடர்ந்து படிப்பவராக இருந்தால் கொடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கருவியை வாங்குவது வேறு, அதன் கடையில் புத்தகம் வாங்குவது வேறு. முதலாவதில் எனக்குப் பெரிய குறையில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது.

முதலில் கருவி. 7 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 16 ஜிபி சேமிப்பிடம், 211 கிராம் எடை. இந்தப் புள்ளிக் கணக்கை விளம்பரத்தில் படிக்கும்போது வெறும் எண்ணாகத்தான் தோன்றும். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால்தான் அதன் பொருள் புரியும். மலிவான திரைகளில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றோடொன்று குழம்பி, மெய்யெழுத்தின் மேற்புள்ளி அரைகுறையாகத் தேய்ந்து நிற்கும். இங்கே சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, புள்ளி புள்ளியாகவே இருக்கிறது. திரை தானாக ஒளிர்வதில்லை. வெளிச்சம் முன்புறமிருந்து பக்கத்தின்மீது விழுகிறது, அதன் நிறத்தை இரவில் மஞ்சளாக மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. நண்பகல் வெயிலில் மொட்டைமாடியில் படித்தாலும் எழுத்து மங்குவதில்லை. எழுத்தை மிகப் பெரிதாக வைத்தால் தமிழின் நீண்ட கூட்டுச்சொற்கள் வரிக்குள் அடங்காமல் அங்கங்கே இடைவெளி விழும். அளவை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும்.

மின்கலம் 12 வாரம் நிற்கும் என்று நிறுவனம் சொல்வது, கம்பியில்லா இணைப்பை அணைத்துவிட்டு நாளுக்கு அரை மணி நேரம் மட்டும் படிப்பவரை வைத்துப் போட்ட கணக்கு. அதாவது ஏறத்தாழ 42 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது இரண்டு வாரமாகச் சுருங்கும். அதுவும் எந்தக் கைபேசியாலும் நினைத்துப் பார்க்க முடியாத அளவுதான், என்றாலும் விளம்பரத்தின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீர் புகாதபடி மூடப்பட்ட கருவி என்பதால் அந்த மின்கலத்தை நாமே கழற்றி மாற்ற வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, பயனரே மாற்றக்கூடிய மின்கலம் வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. நம் ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்ததோடு சரி. அப்படியொரு கட்டாயம் இங்கே இல்லை.

இனி புத்தகங்கள். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 இறுதியில்தான் முறையாக வந்தன. இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகியவையும் அப்போதே சேர்ந்தன. அச்சுக்கு வழியில்லாத எழுத்தாளர்கள் பலர் தாங்களே நூலை ஏற்றி விற்கும் வாய்ப்பைத் தமிழுக்கு இது தந்தது என்பதை மறுக்க முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் இருக்கும் பொத்தான் ‘வாங்கு’ என்கிறது. கிண்டில் கடையின் விதிமுறையோ, உள்ளடக்கம் உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்கிறது. அந்த உரிமத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ பிறருக்கு மாற்றித் தரவோ கூடாது. நாம் கொடுக்கும் பணம் விலையல்ல, தவணை முடியும் நாள் குறிப்பிடப்படாத குத்தகைப் பணம்.

இது வெறும் எழுத்துச் சட்டம் அன்று என்பதற்கு 2009 ஜூலையிலேயே அமெரிக்காவில் சான்று கிடைத்துவிட்டது. ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை அவற்றை விற்க உரிமையில்லாத ஒருவர் கடையில் ஏற்றியிருந்தார் என்பது தெரியவந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்தப் பிரதிகளை அமேசான் நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. அழிக்கப்பட்டவற்றுள் ‘1984’ம் ஒன்று என்பதால் செய்தி உலகம் முழுவதும் பரவியது. தான் எழுதிவைத்திருந்த பாடக் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று ஒரு பள்ளி மாணவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கும் சமரசத்தில் முடிந்தது. மன்னிப்பு உண்மையானதாகவே இருக்கட்டும். தொலைவிலிருந்து ஒரு கட்டளையால் நம் அலமாரியில் கைவைக்க முடியும் என்ற தொழில்நுட்ப உண்மையை அது மாற்றிவிடவில்லை.

அண்மையில் நடந்தது இதைவிட அமைதியானது, ஆனால் வாசகருக்கு நெருக்கமானது. வாங்கிய நூலின் கோப்பைக் கணினியில் இறக்கி, யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நெடுங்காலம் இருந்தது. 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு அமேசான் அதை நிறுத்திக்கொண்டது. பிற கருவிகளில் திறக்கவோ நகலெடுக்கவோ விடாத எண்ணிமப் பூட்டு (டிஆர்எம்) போட்ட கோப்பாகவே இருந்தாலும், நம் கணினியில் ஒரு பிரதி கிடந்தது என்ற ஆறுதல் அதுவரை இருந்தது. இப்போது பூட்டுப் போட்ட நூல் அவர்களுடைய வழங்கியிலிருந்து (சர்வர்) கம்பியில்லா இணைப்பின் வழியாகக் கருவிக்கு வரும், அவ்வளவுதான். கணக்கு மூடப்பட்டால் நூலகமும் அதனுடன் போகும். கலிஃபோர்னியா மாநிலம் இயற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், திரும்ப எடுத்துக்கொள்ளத்தக்க எண்ணிமப் பொருளை விற்கும்போது அது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. உரிமையைத் தராவிட்டாலும் உண்மையையாவது சொல்லச் சொல்லும் சட்டம் அது. இந்தியாவில் அதற்கு நிகரான விதி வந்தால், ‘வாங்கு’ என்ற பொத்தானுக்கு அருகில் ஒரு வரியாவது சேரும்.

நம் சட்டத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் எண்ணிமப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை அந்தப் பிரிவு தடுப்பதில்லை. பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இது நிதானமானது. வரியில்தான் அந்த நிதானம் இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சிலும் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 5 சதவீதம், அச்சு வடிவமே இல்லாத மின்னூலுக்கு 18 சதவீதம் என்று 2018 ஜூலையில் வகுத்தார்கள். அச்சிடப் பணமில்லாமல் நேரடியாக மின்னூல் போடும் எழுத்தாளரின் நூலுக்குத்தான் கூடுதல் வரி என்பது எந்தக் கணக்கில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நூலுக்கு வாசகர் கொடுக்கும் விலையில் அதைப் பிறருக்குத் தரும் உரிமையும் அடங்கியிருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் தேடிப் படித்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கிண்டில் நூலுக்கு அப்படியொரு நடைபாதை வரவே வராது. பயன்படுத்திய மின்னூலை மறுவிற்பனை செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. பொது நூலகத்தின் வழியாகக் கிண்டிலில் நூல் இரவல் பெறும் வசதி அமெரிக்காவில் உண்டு, இங்கே இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலத்துக்கு இந்தக் குறை சற்றுக் கூடுதலாகவே உறுத்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கருவியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், கடைக்கு வெளியே தமிழில் கிடைக்கும் செல்வம். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையைப் பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. எழுத்தாளரின் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை தந்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு இன்றுவரை தொடர்கிறது. கல்கியின் நூல்கள் 1999இல் அப்படி ஆயின. பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழித்துத்தான் தீரும் என்ற பொதுவிதிக்குக் காத்திராமல் நமக்குக் கிடைத்த நூல்கள் இவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த சங்க இலக்கியம் முதல் நவீன நாவல் வரையிலான நூல்களை வைத்திருக்கிறது. யாரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், கிண்டிலில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாத காலத்திலேயே ஆறு அங்குலத் திரைக்கெனத் தனிப் பிடிஎஃப் செய்து கொடுத்தது. நாட்டுடைமையான நாவலைக் கிண்டில் கடையில் பணம் கொடுத்து உரிமமாகப் பெறுவதைவிட, இங்கிருந்து பூட்டில்லாத கோப்பாக எடுத்து என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அவற்றைக் கருவிக்குக் கொண்டுசெல்வது எளிது. 2022 முதல் அமேசானின் ‘கிண்டிலுக்கு அனுப்பு’ (Send to Kindle) சேவை, இபப் (EPUB) என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்புகளை ஏற்றுக்கொள்கிறது; இணையப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் போதும். அமேசானுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள விரும்புபவர், கோவித் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற கட்டற்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, கம்பி வழியாக ஏற்றலாம். நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம், எந்த வரியை அடிக்கோடிட்டோம் என்பதெல்லாம் இணைப்பில் இருக்கும் கிண்டிலிலிருந்து வழங்கிக்குப் போய்ச் சேர்கின்றன. பலரும் அடிக்கோடிட்ட வரி இன்னது என்று கடையே நமக்குக் காட்டுவது அப்படித்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. என்றாலும் இந்தக் கருவியில் அந்த உரிமைக்குக் கைக்கெட்டும் காவல், விமானப் பயன்முறைப் பொத்தான்தான்.

கடைக்கு வெளியே எல்லாம் இனிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்கள் பக்கங்களை அப்படியே படமெடுத்த பிடிஎஃப்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாகத்தான் படிக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை ‘லை’யும் பூச்சி அரித்த ஓரமும் இந்தத் திரையில் காகிதத்தில் போலவே தெரிவது ஒரு தனிச் சுகம், ஆனால் முந்நூறு பக்கத்துக்கு அது தாங்காது. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் செய்த கோப்பை மாற்றி ஏற்றினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலந்து கிடக்கும். அத்தகைய கோப்புகளை மாற்றாமல் அப்படியே பார்ப்பதே நல்லது. இத்தகைய கோப்புகளை அதிகம் படிப்பவர் பத்து அங்குலத் திரைக்குப் போவதே மேல்.

கடையிலிருந்தே படிக்கும் சமகால நூல்களைப் பொறுத்தவரை என் வழக்கம் இது: ஒரு முறை படித்துவிட்டு விடக்கூடியவற்றை மின்னூலாக எடுப்பேன், மறுபடியும் தேடிப் போவேன் என்று தோன்றுபவற்றை அச்சில் வாங்குவேன். பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பதை நிறுவனம் பதிப்பாளரிடமே விட்டிருக்கிறது. நூலை ஏற்றும்போதே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. பூட்டில்லாமல் வெளியிடும் நூல்களை வாங்கியவர்கள் இபப் ஆகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கிக்கொள்ளலாம் என்ற வசதியை 2026 ஜனவரியிலிருந்து அமேசான் தருகிறது. நேரடியாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர்கள் அடுத்த நூலை ஏற்றும்போது அந்தத் தெரிவில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பூட்டில்லாத தமிழ் நூல் என்றால் அச்சு விலையையே கொடுத்தும் வாங்க நான் தயார்.