யாழ்ப்பாணக் கம்பஸைச் சுற்றிப் பார்க்க: சைக்கிளை எடுங்கள், ரிம்மைத் தடவிப் பார்த்து எடுங்கள்

கம்பஸையும், அதுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும், அது இருக்கிற திருநெல்வேலியையும் பார்க்கவென்று வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் போகிற ஆட்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். வான் பிடிக்க வேண்டாம். சந்திக்குச் சந்தி ஓட்டோவில் ஏறி இறங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். சைக்கிளில் போங்கள். பட்டணத்தில் இருந்து பலாலி வீதியால் மூன்று கிலோமீற்றர் மட்டில்தான் தூரம். ஏற்றம் இறக்கம் இல்லாத சமதரை. கந்தர்மடம் கழிய பரமேஸ்வராச் சந்தி, அதால் திரும்பினால் கம்பஸ். நேரே விட்டால் திருநெல்வேலிச் சந்தை. வெயில் ஏற முன்னம் வெளிக்கிட்டால் முகம் வேர்க்க முதல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் தங்குகிற விடுதியில் வாடகைக்குத் தருகிற சைக்கிளை அப்படியே நம்பி ஏறிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் சைக்கிள் இல்லாமல் கம்பஸ் இல்லை. 1990க்குப் பிறகு போரால் கரண்ட் இல்லை, பெற்றோலுக்குத் தடை, ரோச் பற்றறிக்குக்கூடத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஆள் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பூட்டிச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. 1995 ஒக்ரோபர் 30 அன்று ஆமி கிட்டவர, யாழ்ப்பாணப் பட்டணம் இருக்கிற வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிள் கரியலில் கட்டக்கூடியதுதான் ஒரு குடும்பத்தின் சொத்து. இதெல்லாம் இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்த கதை. அதனால்தான் இந்த முறை ரொறன்ரோவில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, அம்மா படித்த இடத்தை அவள் சைக்கிளில் வந்து பார்க்க வேண்டும் என்று நின்றேன்.

நல்லூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் ஒரு விடுதி. பேர் வேண்டாம். அறை துப்புரவு, தண்ணீர் ஒழுங்காக வந்தது, காலைச் சாப்பாடும் நல்லது. சைக்கிள் ஒன்றுக்கு ஒரு நாள் வாடகை 1,000 ரூபா என்று முகப்பில் எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு எடுத்தோம். இரண்டுக்கும் புதுப் பெயின்ற், புது மணி, முன்னுக்குக் கூடை. மகளுக்குப் பார்த்த உடனே பிடித்துப் போய்விட்டது.

பரமேஸ்வராச் சந்தி திரும்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, என்னுடைய பின்சில்லு காத்துப் போய்த் தரையில் அடிக்கத் தொடங்கிவிட்டது. தார் றோட்டு. கண்ணாடித்துண்டு இல்லை, முள் இல்லை. இறங்கி ரயரைச் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. விடுதிக்கு ஃபோன் எடுத்தேன். முகாமையாளர் தம்பி சொன்ன மறுமொழியை அப்படியே தருகிறேன்.

"அன்ரி, ரயரும் ரியூப்பும் ரெண்டும் புதுசு. நீங்கள் கல்லு முள்ளு பாக்காம ஓடியிருப்பியள். ரியூப் மாத்த வேணும், 2,500 ரூபா பில்லில சேரும். டொலராத் தந்தாலும் ஓக்கே."

ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஆள் இல்லையாம். வேறு சைக்கிள் தருவீர்களா என்று கேட்டேன். வந்து எடுக்கட்டாம். நடுவெயிலில் சில்லுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் போய் எடுக்க வேண்டும்.

ரொறன்ரோவில் வாடகைச் சைக்கிள் பழுதென்றால் அப்பில் ஒரு பொத்தானை அமத்தி, அடுத்த தரிப்பிடத்தில் பூட்டிவிட்டு, வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். நீ உடைத்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. 2,500 ரூபா கனடாக் கணக்கில் பெரிய காசு இல்லைத்தான். ஆனால் சைக்கிள் என்றால் என்னவென்று தெரியாத வெளிநாட்டுக்காரி என்று நினைத்துப் பேசிய அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் இதே றோட்டில் மழையிலும் இருட்டிலும் ஓடிப் படித்தவள்.

வாசிகசாலை மதிலோடு நின்ற ஒரு அம்மா கையைக் காட்டினா. "அந்த ஒழுங்கைக்குள்ள உருட்டுங்கோ பிள்ளை, சைக்கிள் கடை இருக்கு." தகரக் கொட்டகை. வேப்பமரத்தில் இரண்டு பழைய ரயர் தொங்கியது. அறுபது தாண்டிய ஒரு அண்ணை, சறம் கட்டி, குந்தில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் பெடியனின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. சைக்கிளை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

பிறகு செய்ததெல்லாம் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற வேலை. சில்லைக் கழட்டவில்லை. ஒரு பக்க ரயரை மட்டும், தட்டையாக அடித்த ஸ்பனர்ப் பிடியால் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்தார். வால்வை மட்டும் ரிம்மில் அப்படியே விட்டார். காத்து அடித்து, அலுமினியச் சட்டியில் இருந்த தண்ணீருக்குள் சாண் சாணாக அமத்திக்கொண்டு போக, ஒரு இடத்தில் ஊசிமுனைக் குமிழி எழும்பியது. அந்த இடத்தைத் துடைத்து, பென்சிலால் ஒரு சிலுவை போட்டார். உடனே ஒட்டுப் போடுவார் என்று நினைத்தேன். அவர் ரியூப்பை அப்படியே ரிம்மோடு பிடித்து அளந்து பார்த்தார்.

"தங்கச்சி, இஞ்ச வந்து பாருங்கோ. ஓட்டை உள்பக்கம். முள்ளோ ஆணியோ குத்தினா வெளிப்பக்கமல்லோ இருக்க வேணும்?"

அந்தச் சிலுவைக்கு நேரே ரிம்மைத் தடவச் சொன்னார். பெருவிரலை வைத்தேன், சுரீரென்றது. சில்லுக் கம்பி ஒன்றின் நுனி, அதை ரிம்மில் பூட்டுகிற நிப்பிளுக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றது. அதை மூடி ரிம்மைச் சுற்றிவர ஒரு றப்பர்ப் பட்டி இருக்க வேண்டும். இருந்தது. காய்ந்து, வெடித்து, கையில் எடுக்கத் தூளாகக் கொட்டுண்டது. ரயர் புதுசு, ரியூப் புதுசு, பெயின்ற் புதுசு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பட்டி மட்டும் எந்தக் காலத்தையோ.

"புது ரியூப் போட்டாலும் ரெண்டு நாளில கம்பி திண்டிடும்," என்றார் அண்ணை. கம்பி நுனியை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, திரும்பவும் ராவினார். கொட்டகையில் கிடந்த பழைய ரியூப்பில் இருந்து நீட்டுக்கு ஒரு பட்டி வெட்டி ரிம்மைச் சுற்றிப் பூட்டினார். அதற்குப் பிறகுதான் ஓட்டையைச் சுரண்டி, சொலூசன் பூசி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டை அமத்திச் சுத்தியல் பிடியால் தட்டினார். திரும்பவும் தண்ணீர். குமிழி இல்லை.

எவ்வளவு என்று கேட்டேன். 200 ரூபா. 500 ரூபாத் தாளைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மிச்சம் முன்னூறையும் எண்ணி என் கையில் வைத்துவிட்டு, மகளின் சைக்கிளையும் கவிழ்க்கச் சொன்னார். அதிலும் பட்டி அதே கோலம். அதற்கும் சுற்றினார், அதற்கும் தனியே காசு வாங்கினார். நியாயமான காசு.

ரொறன்ரோவில் என் வீட்டுக்குக் கிட்டவுள்ள சைக்கிள் கடையில் ஒட்டுப் போடவே மாட்டார்கள். பழைய ரியூப்பைக் குப்பையில் போட்டுப் புதிது மாற்றுவார்கள். வசந்த காலமென்றால் விட்டுவிட்டு வந்து, அவர்கள் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொன்ன ஒருவரை இவ்வளவு காலத்தில் நான் அங்கே காணவில்லை. இங்கே ஒரு கொட்டகையில், அரை மணித்தியாலத்துக்குள், ஏன் காத்துப் போனது என்பதைக் கையில் தொட்டு அறிய வைத்து அனுப்புகிறார் ஒரு மனிதர். நான் தேடிப் போன யாழ்ப்பாணம் எனக்கு அந்த இடத்தில்தான் கிடைத்தது.

அவர் சொன்ன ஒன்று மனதில் கிடந்து உழத்துகிறது. "முந்திப் பின்னேரத்தில எட்டுப் பத்துச் சைக்கிள் வரிசையில நிக்கும். இப்பப் பெடியள் மோட்டச்சைக்கிள், பெட்டையள் ஸ்கூட்டி. பள்ளிக்கூடப் பிள்ளையளாலதான் கடை ஓடுது." கம்பஸ் வாசலில் பார்த்தால் உண்மைதான். ஸ்கூட்டிக்குள் ஸ்கூட்டி. இந்த அண்ணைக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் குந்தப் போகிறவர் யார்?

பின்னேரம் விடுதிக்குப் போய், தூளாய்ப் போன அந்தப் பட்டியை ஒரு கடதாசியில் சுற்றி முகாமையாளர் மேசையில் வைத்தேன். ஓட்டை உள்பக்கம் என்று சொன்னேன். தம்பிக்கு விளங்கவில்லை. அவருக்குச் சைக்கிள் வாடகைக்கு விடத் தெரிகிறது, சைக்கிள் தெரியவில்லை. "சரி அன்ரி, 2,500ஐ விடுறன்," என்றார். ஏதோ தள்ளுபடி தருகிற குரலில். மன்னிப்பு இல்லை. ஒட்டுப் போட்ட காசும் இல்லை. முழுநாள் வாடகை முழுதாகப் பில்லில் நின்றது, கட்டினேன். மற்றச் சைக்கிள்களையும் கழட்டிப் பாருங்கள், ஒரு பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் அறைக்குப் போனேன். அடுத்த நாள் காலை அதே சைக்கிள்கள் அதே மாதிரி வாசலில் நின்றன.

கம்பஸ் பார்த்த கதை எழுத அதிகம் இல்லை. வாசலில் விசயத்தைச் சொன்னோம், விட்டார்கள். மகளுக்கு நான் காட்டியது மூன்று. ஒன்று, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் பழைய கட்டடம். அந்த வளவில்தான் 1974இல் கம்பஸ் தொடங்கியது. இரண்டு, வளவுக்குள்ளேயே இருக்கிற பரமேஸ்வரன் கோயில். மூன்று, முதல் தலைவராக இருந்த பேராசிரியர் கைலாசபதியின் பேரில் இருக்கிற கலையரங்கம். கிளைமோர்க் கண்ணிவெடி, ஊரடங்கு, இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் இங்கே சோதனை வைத்தார்கள், நாங்கள் எழுதினோம் என்றேன். அவள் கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைகளோடு போகிற ஆட்களுக்கு இன்னும் சில விசயம். பட்டமளிப்பு விழாக் காலத்தில் போகாதீர்கள், போவதென்றால் அறையை முன்னமே எடுங்கள். மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எல்லாப் பீடமும் திருநெல்வேலியில் என்று நினைத்துப் போகவும் வேண்டாம். விவசாயமும் பொறியியலும் கிளிநொச்சி அறிவியல் நகரில். சங்கீதம், நடனம், சித்திரம் மருதனார்மடத்தில், அதற்குச் சைக்கிள் போதும். வவுனியா வளாகம் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம். திரும்பும் வழியில் நல்லூரில் இறங்குவதென்றால் பூசை நேரத்தைக் கேட்டு வைத்திருங்கள், அங்கே மணி ஒருவருக்காகவும் பிந்தாது.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறபோது மணியையும் கூடையையும் பார்க்க வேண்டாம். ரிம்முக்குள் பட்டி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மறுமொழி வராவிட்டால் அந்தச் சைக்கிளை எடுக்காதீர்கள். எடுத்து, வழியில் காத்துப் போனால் விடுதிக்கு ஃபோன் எடுக்கவும் வேண்டாம், கிட்டடியில் நிற்கிற ஒரு அம்மாவிடம் சைக்கிள் கடை எங்கே என்று கேளுங்கள்.