அண்ணா நூற்றாண்டு நூலகம்: புத்தகத்துக்காகப் போனேன், இப்போது இடத்துக்காகப் போகிறேன்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்த காலத்திலிருந்தே அங்கே போய்வருகிறேன். அப்போது போனது புத்தகங்களுக்காக. இரண்டாம் தளத்துத் தமிழ்ப் பிரிவில் நுழைந்தால் நேரம் போவதே தெரியாது. இன்று நான் தேடும் பழைய தமிழ் நூல்களில் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த நிறுவனம் இருப்பதும் இதே காந்தி மண்டபம் சாலையில்தான். ஆனாலும் நூலகத்துக்குப் போவதை நான் விடவில்லை.

காரணத்தைத் தெரிந்துகொள்ள, சொந்தப் புத்தகங்களை வைத்துப் படிக்கும் பிரிவை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். இந்தக் கட்டடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று ஆளுக்கொரு இலக்கோடு பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட எடுப்பதில்லை. பாடமெல்லாம் லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. நாலு பேர் தங்கும் மேன்ஷன் அறையிலோ, டிவி ஓடும் ஒற்றை அறை வீட்டிலோ கிடைக்காதது ஒன்றுதான்: உட்கார்ந்து படிக்க அமைதியான ஓர் இடம். அண்ணா நகர் பக்கம் இதற்கென்றே மாதக் கட்டணம் வாங்கும் தனியார் ரீடிங் ஹால்கள் வந்துவிட்டன. இங்கே காசில்லை. ஒரு பெண், எதையும் வாங்காமல், "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்ற கேள்வி வராமல், நாள் முழுக்க உட்கார்ந்திருக்க நம் ஊரில் வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன?

2011 இறுதியில் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்ததால் அது நடக்கவில்லை. அன்று அது நடந்திருந்தால் புத்தகங்களை வேறெங்காவது அடுக்கியிருப்பார்கள். இந்த நாற்காலிகளுக்கு மாற்று கிடைத்திருக்காது.

குழந்தைகள் பிரிவு, பிரெய்லி பிரிவு இரண்டையும் தனியாகவே எழுதலாம், அவ்வளவு நன்றாக இருக்கின்றன. முதல்முறை போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சொந்தப் புத்தகங்களை மேல்தளங்களுக்கு எடுத்துப்போக முடியாது, அதற்கென்று உள்ள பிரிவில்தான் படிக்க வேண்டும்.

சரி, கோட்டூர்புரத்துக்குப் பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு எட்டுவது கிளை நூலகம்தான். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் செய்தித்தாள் மேசையைச் சுற்றி இருப்பதுதான் மொத்த இருக்கை. சார்ஜ் போட வழியில்லை, கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. 1948 நூலகச் சட்டத்தின் வழியாக வந்த நூலக வரியை, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா என்று, நாம் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். புதுப் புத்தகம் வாங்கும் அதே அக்கறையோடு அந்தப் பணத்தில் கிளை நூலகங்களுக்கு மேசை, நாற்காலி, பிளக் பாயின்ட், பெண்களுக்குக் கழிப்பறை செய்து கொடுங்கள். அப்புறம், வேலைக்குப் போய் வருகிறவர்களும் படிக்கும்படி இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள்.