வண்டுவின் மார்புப்பட்டை: கழுத்து தப்பியது, முடி மாட்டியது

எங்கள் யார்க்‌ஷயர் டெரியர் நாய்க்கு வண்டு என்று பெயர். குட்டியாக வந்தபோது அவ்வளவு கறுப்பு. இந்த இனம் கறுப்பும் பழுப்புமாகப் பிறந்து, வளர வளர முதுகு நீலம் கலந்த சாம்பலாக மாறும் என்று அப்போது தெரியாது. இப்போது பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. எடை 2.8 கிலோ.

இத்தனூண்டு உடம்புதானே என்று சாதாரணக் கழுத்துப்பட்டைதான் முதலில் போட்டேன். அணில் கண்ணில் பட்டால் போதும், முன்னங்கால் இரண்டும் தரையில் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயர் ஆலைகளில் எலி பிடித்த வம்சம். மடியில் வைத்துக் கொஞ்சினால் அந்தப் புத்தி போய்விடுமா? ஒருநாள் அப்படி இழுத்தவன், வாத்து கத்துவது போல இருமினான். எதையோ விழுங்கிவிட்டான் என்று வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன். மருத்துவர்தான் விளக்கினார்: மூச்சுக்குழாய் அமுங்காமல் தாங்குகிற குருத்தெலும்பு வளையங்கள் இந்தக் குட்டி இனங்களில் தளர்ந்துபோவது உண்டு, கழுத்தை இறுக்கும் எதுவும் வேண்டாம்.

அப்படி வாங்கியதுதான் இந்த வலைத்துணி மார்புப்பட்டை. எட்டு மாதமாகிறது. வாங்கிய காரியத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு இழுத்தாலும் பாரம் மார்பில்தான் விழுகிறது. ரொம்பக் குஷியானால் வீட்டில் இன்னும் இருமுகிறான். நடக்கும்போது வருவது நின்றுவிட்டது.

அளவு எடுக்கும்போது மட்டும் கவனம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், முடியை நன்றாக அமுக்கிவிட்டு அளக்க வேண்டும். நான் முடிக்கு மேலேயே நாடாவைச் சுற்றினேன். முதலில் வந்த பட்டையைப் போட்டதும் பின்பக்கமாக நாலு எட்டு வைத்தான், சட்டையை உருவுவது போல உருவிக்கொண்டு வெளியே வந்து நின்றான். மாற்றித்தான் வாங்கினேன்.

என் கோபமெல்லாம் பட்டையை ஒட்டி மூடும் வெல்க்ரோ மேல். இந்த இனத்துக்கு, மேல்முடிக்குக் கீழே மெத்தென்று வளரும் அடிமுடி கிடையாது. நம் தலைமுடி மாதிரி மெல்லிசாக, நீளமாக வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கொக்கிகளுக்கு அது அல்வா. இரண்டாம் நாளே ஒரு கொத்து முடி மாட்டி, பிரித்தபோது வீலென்று கத்தினான். இப்போதும் ‘கர்ர்’ சத்தம் கேட்டால் சோபாவுக்கு அடியில் போய்விடுகிறான். மேலே நல்ல பக்கிள் இருக்கும்போது இது எதற்கு? கொக்கிப் பக்கத்தின் மேல் ஒரு துண்டுத் துணியைத் தைத்து மூடிவிட்டேன். பக்கிளே தாங்குகிறது.

அப்புறம், அக்குள் சிக்கு. இருபது நிமிடம் நடந்தால் புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சு விழுந்துவிடும். கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள், முடிச்சை இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும். கண்டிஷனர் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து, விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடியை நோக்கிச் சீவினால் வந்துவிடும். கடைசியில் எனக்கே அலுத்துப்போய் அந்த இடத்தில் முடியை ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் வந்ததும் பட்டையைக் கழற்றுவது இப்போது சட்டம்.

ஐந்துக்கு மூன்றரை. முடியைத் தரை வரை வளர்ப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். குட்டையாக வெட்டி வைத்திருந்தால், தாராளமாக வாங்கலாம், கூடவே ஊசி நூலும் எடுத்து வையுங்கள்.